பாட்டியோட கல்யாணப் பட்டுல பேத்திக்குப் பாவாடை தைக்கலாமா?

“அம்மாச்சி கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டு, மடிப்புல விட ஆரம்பிச்சிருக்கு, 6 வயசு பொண்ணுக்குப் பாவாடை சட்டை தைக்கலாமா, கத்திரி வைக்க மனசு வரலை”ன்னு ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க.

தாராளமா தைங்கம்மா. பீரோவுல ஒரே மடிப்புல கிடந்தா அந்தக் கோட்டுலயே இழை நொறுங்கிட்டே போகும். ஆனா டெய்லர் கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி, பகல் வெளிச்சத்துல புடவைய முழுசா விரிச்சு ஜன்னலுக்கு நேரா பிடிங்க, நூல் விலகின இடமெல்லாம் தெரியும். ரெண்டு கட்டைவிரலாலயும் லேசா இழுத்துப் பாருங்க, சரசரன்னு விட்டா அந்த இடம் வேண்டாம். கொசுவம் வந்த பகுதியவிட உள்சுத்து பெரும்பாலும் நல்லா இருக்கும்.

புடவை அகலம் 46, 48 இஞ்ச் இருக்கும். இடுப்புலேந்து கணுக்கால் வரை 25 இஞ்ச்னு வைங்க, டக் (நீளத்தைக் குறைக்க மடிச்சுத் தைக்கற மடிப்பு) பிடிக்க 4, மேல தையலுக்கு 1, ஆக 30. கீழ் பார்டரே பாவாடை ஓரமா வந்துடும், மிச்சத்துல இருக்கற அடுத்த பார்டர் சட்டைக் கைக்கு. டக் மட்டும் விட்டுடாதீங்க, 1 இஞ்ச் டக் ஒண்ணு பிரிச்சா 2 இஞ்ச் நீளம் கிடைக்கும், ரெண்டு டக் வச்சா பிள்ளை வளர வளர பிரிச்சுவிட்டுப் போட்டுக்கலாம்.

பாவாடைய நாடா வச்சுக் கட்டாதீங்க, ஜரிகை கனம் முழுக்க பழைய பட்ட இழுக்கும், காட்டன் பாடி (தோள்ல மாட்டற மேல்பாகம்) வச்சு தைச்சா கனம் தோள்ல நிக்கும். உள்ளுக்கு மல் துணி லைனிங், அதையும் முதல்ல நனைச்சுக் காயவச்சிடுங்க. ஊசி 9 இல்லன்னா 11, தையல் பெருசா, நூல் காட்டன் நூல்தான், ஏன்னா பிள்ளை ஓடி ஆடும்போது இழுத்தா நூல் அறுந்துட்டுப் போகட்டும், பட்டு கிழியக்கூடாது. கோர்வைப் புடவைன்னா, அதாவது உடலையும் பார்டரையும் தனித்தனி இழையில நெய்து கோத்ததுன்னா, ரெண்டும் சேர்ற கோட்டுமேல தையல் ஓட்டவே கூடாது. ஜரிகை கறுத்திருந்தா புளி, எலுமிச்சைன்னு எதையும் போட்டுத் தேய்க்காதீங்க, அப்படியே இருக்கட்டும்.

முந்தானைய வெட்டாம தனியா எடுத்து வைங்க, அது என் பிடிவாதம்.

இன்னொண்ணு, புதுப்புடவை கட்டறப்போ மூலையில மஞ்சள் தடவுவாங்கல்ல, அந்தக் கறை இன்னும் இருக்கான்னு தேடிப் பாருங்க. இருந்தா அந்தத் துண்ட வீணாக்காம, சட்டைக்கு உள்பக்கம் நெஞ்சுக்கிட்ட வர்ற மாதிரி கையாலயே தைச்சுடுங்க.