கயிறு கழற்றிய நாள்

கேள்வி: என் மகன் அரசு மேல்நிலைப்பள்ளியில் 9-ஆம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் கல்வி அதிகாரி வந்து பள்ளியைப் பார்க்கும் ஆண்டாய்வு. 'நாளைக்கு யாரும் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டி வரக்கூடாது' என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். அதிகாரி போன மறுநாள் பழையபடி எல்லார் கையிலும் கயிறு. இந்த ஆய்வால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு ஏதாவது உண்டா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இப்போது நடக்கிற விதத்தில் ரொம்பக் குறைவுதான். தேதி சொல்லிவிட்டு வந்தால் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி தயாராகிவிடும். பாடக்குறிப்பு, திருத்திய நோட்டு, கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். வருகைப் பதிவேட்டையும் புரட்டுவார்கள், ஆனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணத்தான். வராதவன் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து வெட்டப்பட்ட பிளஸ் டூ மாணவன், அதற்கு முன் சில நாள் பள்ளிக்கே போகவில்லை. விசாரித்தபோதுதான் கூடப் படிக்கும் பையன்கள் சாதியைச் சொல்லிக் கொடுத்த தொல்லை வெளியே வந்தது, புகாரும் போனது, அன்று இரவே அரிவாளோடு வந்துவிட்டார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. ஆக, புகார் சொன்ன பிள்ளையை அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வது? ஆய்வுக்கு வருகிறவர் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுக்குத் தடை, 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் என்பதெல்லாம் அதில் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதிக்காரரையே அங்கே கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ போடக்கூடாது என்றது குழு. ஆய்வு செய்பவரே உள்ளூர்ச் சாதிக் கணக்கில் இருந்தால் எந்தப் பையன் வாய் திறப்பான்?

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஓர் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்பிலேயே அரிவாள் எடுத்தான். உடனே எல்லாரும் பையைச் சோதிக்கச் சொன்னார்கள். சரி, சோதிக்கட்டும். நாங்குநேரியில் அரிவாள் பள்ளிக்குள் வரவே இல்லையே!

நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், தொடர்ந்து லீவு போடும் பிள்ளைகள் வீட்டுக்கு யார் போய் விசாரித்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் மகனுக்கே தொல்லை என்றால் அடுத்த ஆண்டாய்வு வரை காத்திருக்க வேண்டாம், 1098 (குழந்தைகள் உதவி எண்) அல்லது 14417-க்கு (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) பேசுங்கள். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தால் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.