எழுபது வருஷத்துக்கு எழுதப்பட்ட கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் எழுதும் வேத தியானங்களை என் மகள் போனில் வாசித்துக் காட்டுவாள். பாம்பன் பக்கத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். போன நவம்பரில் எல்லை தாண்டியதாகப் படகோடு பிடித்துவிட்டார்கள். அவருக்கு இது இரண்டாவது முறை என்பதால் தண்டனை கொடுத்து அக்கரையில் இலங்கைச் சிறையில் வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கும் தட்டிலிருந்து நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் அக்கா, "இது உனக்கென்றே வந்த வசனம். உரிமைபாராட்டி அறிக்கையிடு, ஈஸ்டருக்குள் அவர் வீடு வந்து சேர்வார்" என்றார். லெந்து நாட்கள் முழுவதும் உபவாசம் இருந்தேன். ஈஸ்டரும் போய்விட்டது, அவர் வரவில்லை. இப்போது அதே அக்கா என் விசுவாசத்தில் எங்கோ குறை இருக்கிறது என்கிறார். பகலில் பாசி எடுக்கப் போகிறேன். இரவில் சுவரில் இருக்கும் அந்த அட்டையைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஆண்டவரிடம் கோபப்படுவது பாவமா? அந்த வசனம் எனக்குரியதா, இல்லையா? அப்பா எப்போது வருவார் என்று கேட்கும் மகளுக்கு என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

அந்த வசனம் உங்களுக்குரியதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கையில் கிடைத்தது ஒரு நீண்ட கடிதத்தின் ஒரே ஒரு வரி. மீதிக் கடிதத்தையும் உங்களிடம் யாராவது கொடுத்திருந்தால் இந்த ஐந்து மாதம் உங்களுக்கு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எரேமியா 29ஆம் அதிகாரம், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களோடு தச்சர்களையும் கொல்லர்களையும் கொண்டுபோனதாக இரண்டாம் வசனத்திலேயே இருக்கிறது. கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள் அவர்கள். எந்த ராஜா யாரோடு உடன்படிக்கை செய்தான், எதை மீறினான் என்பதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. படகு எந்தத் திசையில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் உங்கள் கணவர் இருந்தாரா? கூலிக்குப் போனவர் கம்பிக்குப் பின்னால் இருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தக் கடிதம் போயிற்று.

கடிதம் விடுதலைச் செய்தியோடு தொடங்கவில்லை. "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்கிறது ஆறாம் வசனம். எழுபது வருஷம் முடிந்த பிறகு உங்களைச் சந்திப்பேன் என்று பத்தாம் வசனம் சொல்கிறது. அதற்கு அடுத்துத்தான் உங்கள் சுவரில் இருக்கும் பதினோராம் வசனம் வருகிறது. எழுபது வருஷத்துக்கு அடுத்த வரியாக வந்த வாக்குத்தத்தத்தைப் பத்தாம் வசனத்திலிருந்து பிரித்து அட்டையில் அச்சடித்துவிட்டோம்.

இதற்கு முந்திய அதிகாரத்தைப் படித்தால் உங்கள் ஜெபக்குழுவில் நடந்தது புதிதல்ல என்று தெரியும். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் எழுந்து நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று தேதி கொடுக்கிறான். எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அதுதான் ஆசை. ஜனங்கள் சீக்கிரம் திரும்பிவர வேண்டும் என்று அவரைவிட அழுதவர் யார்? ஆனாலும் ஆண்டவர் சொல்லாத தேதியைத் தன் வாயால் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தடியை அனனியா பிடுங்கி உடைத்தபோது, பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார்.

உங்கள் ஜெபக்குழு அக்காவை நான் கள்ளத் தீர்க்கதரிசி என்று சொல்ல வரவில்லை. உங்கள்மேல் உள்ள பாசத்தில்தான் ஈஸ்டர் என்று சொல்லியிருப்பார். ஆனால் துன்பத்தில் இருக்கிற ஒருவருக்கு ஆண்டவர் பெயரால் தேதி கொடுப்பது மிகவும் கனமான காரியம். தேதி தவறியதும் அந்தப் பாரம் கொடுத்தவர் தலையில் ஏறுவதில்லை, வாங்கியவர் தலையில்தான் ஏறுகிறது. இப்போது உங்கள் தலையில் ஏறியிருக்கிறது, விசுவாசக் குறை என்ற பெயரில். இதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். பேதுருவைத் தூதன் வந்து விடுவிக்கிறான், சங்கிலிகள் கழன்று விழுகின்றன. இருவரும் கலிலேயாக் கடலில் வலை வீசியவர்கள், இருவரையும் ஆண்டவர் ஒரே கரையில் அழைத்தார். பேதுருவுக்கு விசுவாசம் கூட, யாக்கோபுக்குக் குறைவு என்று அந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் கிடையாது. அந்த யாக்கோபு வேறு யாருமல்ல, தங்கச்சிமடம் பக்கம் கோயில் கொண்டிருக்கும் சந்தியாகப்பர்தான். நம் கரையில் எத்தனை தலைமுறை அவர் பெயரைச் சொல்லிக் கடலுக்குப் போயிருக்கிறது! ஏரோதின் கையிலிருந்து உயிரோடு திரும்பாதவர் அவர். எபிரெயர் 11ஆம் அதிகாரமும் விசுவாச வீரர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கட்டுகளையும் காவலையும் அனுபவித்தவர்களையும் அதே வரிசையில் வைத்து, "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்" என்று முடிக்கிறது. இதை எந்தத் தட்டிலும் அட்டையாக வைத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் கணவர் எழுபது வருஷம் வரமாட்டார் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவருடைய தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. அதற்கு முன்பேகூட விடுதலை கிடைக்கலாம், பலருக்குக் கிடைத்திருக்கிறது. அதற்காக நானும் ஜெபிக்கிறேன். வாக்குத்தத்தத்தை நம்புவது என்றால் தேதியை நம்புவது என்று ஆகிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

அப்படியானால் இந்த நாட்களில் அந்த வசனத்தை எப்படிக் கைக்கொள்வது? நீங்கள் ஏற்கெனவே கைக்கொண்டிருக்கிறீர்கள். பகலில் பாசி எடுக்கப் போகிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன். பாறையில் விரல் கிழியாமல் இருக்கத் துணியை நறுக்கி ஒவ்வொரு விரலிலும் சுற்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, ஒரு பிடி பாசியோடு மேலே வரவேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறிய துணியை மாலையில் அவிழ்க்கும்போது விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்தக் கையால் உலை வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்களே, ஐந்தாம் வசனம் சொல்கிறபடி நடப்பது அதுதான். உபவாசம் இருந்து அறிக்கையிட்ட நாட்களைவிட இந்த நாட்களில் நீங்கள் அந்தக் கடிதத்துக்கு அதிகமாகக் கீழ்ப்படிந்திருக்கிறீர்கள் என்று துணிந்து சொல்வேன்.

இந்த அதிகாரத்தை வாழ்ந்து காட்டுகிறவர்கள் உங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டினால் இருக்கிறார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கியவர்கள் மண்டபம் முகாமில் இன்றும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்து, படித்து, கலியாணம் முடித்து, பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. ஒரு சிறிய அறையின் வாசலில் ஒரு பாட்டி கத்தரிச் செடிக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஊருக்குப் போகும் எண்ணத்தை அவர் விட்டுவிடவில்லை, பேச்சுக்குப் பேச்சு ஊர்தான். செடியும் காய்த்திருந்தது.

இனி ஏழாம் வசனம். இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கடிதத்தை முழுவதும் படியுங்கள் என்று சொல்லிவிட்டு இதைத் தாண்டிப் போக முடியாது. உங்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார் ஆண்டவர். "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." பாபிலோனுக்காக ஜெபம்! கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நம்மைப் பொறுத்தவரை அது அக்கரைதான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடலுக்குப் போகிறவர்களும் தமிழர்கள், பல ஊர்களில் நம்மைப்போல ஜெபமாலையோ வேதமோ கையில் வைத்திருப்பவர்கள். 2009இல் போர் முடிகிறவரை அவர்கள் கடலில் இறங்கக் கடுமையான தடைகள் இருந்தன. தடை நீங்கி இறங்கத் தொடங்கியபோது, இந்தப் பக்கத்து விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை அவர்கள் இரவில் விரித்த வலைகளை அறுத்துக்கொண்டு போயிற்று. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஜெபிக்கிறோம். ஊர் திரும்பிய பிறகு நம் ஜெபக்கூட்டங்களில் அவர்களுக்காக ஒரு ஜெபம் ஏறெடுக்கப்படுவதை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். அக்கரையில் அறுந்த வலைக்கு வாங்கிய கடனை எண்ணிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் கணவர் அவளுக்குக் கெடுதல் நினைத்தவரல்ல, அவளும் உங்கள் கணவரைச் சிறையில் போட்டவளல்ல. முடிந்த ஒரு நாளில் அவளுக்காக ஒரு வாக்கியம் ஜெபித்துப் பாருங்கள். இன்றைக்கே வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை எழுதிய எரேமியாவே 20ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். இரவும் பகலும் கூப்பிட்டேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய் இருளிலேயே முடிகிறது. பிறகு வந்த யாரும் அதன் கடைசியில் ஓர் அல்லேலூயாவை ஒட்டவில்லை. அப்படியே வேதத்தில் இருக்கிறது, நாம் வாசிப்பதற்காக. அட்டையைப் பார்த்துக் கோபம் வருகிற இரவில் அந்தச் சங்கீதத்தைச் சொல்லுங்கள். அதுவும் ஜெபம்தான்.

எரேமியாவின் இந்த எழுபது வருஷத்தை வாசித்த ஒருவர் வேதத்துக்குள்ளேயே இருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா? தானியேல் 9ஆம் அதிகாரம். வாலிபனாகப் பாபிலோனுக்குப் பிடித்துப் போகப்பட்டவர் கிழவராகி, எரேமியா எழுதிய புஸ்தகத்தை வாசித்து, எழுபது வருஷம் என்று அறிந்துகொள்கிறார். உடனே அவர் உரிமைபாராட்டவில்லை. சாம்பலில் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவத்தைத் தன் பாவமாகச் சேர்த்து அறிக்கையிடுகிறார். அறிக்கை என்ற பேச்சு நம் ஜெபக்குழுக்களிலும் இருக்கிறது, வசனம் எனக்குரியது என்று வாயால் சொல்வதை நாம் அப்படி அழைக்கிறோம். தானியேல் செய்த அறிக்கையை நாம் எப்போது செய்யப்போகிறோம் என்பதை உங்கள் குழுவைப் பார்த்தும் என் சபையைப் பார்த்தும் கேட்கிறேன்.

குழுவைப் பற்றி இன்னொன்று. எபிரெயர் 13:3 "கட்டப்பட்டிருக்கிறவர்களோடே நீங்களும் கட்டப்பட்டவர்கள்போல அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறது. நினைப்பது என்றால் கூட்டத்தில் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு வருவது மட்டும்தானா? மீன்துறை அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகும்போது ஒருவர் உங்களோடு பஸ் ஏறலாம். நீங்கள் கடலில் இருக்கும் நேரத்தில் மகளுக்கு ஒரு வீட்டில் சோறு போடலாம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமான இந்த ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்தப் படகுகளில் போகும் ஆண்கள் கரையில்தான் இருக்கிறார்கள், உங்கள் கூரைக்கு ஓலை மாற்ற வேண்டுமானால் ஆள் உண்டு. இவற்றை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் விசுவாசக் குறை எதுவும் இல்லை. ஜெபக்குழு அக்காவிடமே முதலில் கேளுங்கள், அவர் செய்வார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். அப்பா வரும் நாள் அம்மாவுக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். நீதிமன்றம் சொன்ன முடிவு நாள் தெரிந்தால் காலண்டரில் அதைக் காட்டுங்கள், முன்னாலும் வரலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அட்டையைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டாம். அவள் நன்றாக வாசிப்பாள் என்று தெரிகிறது, 29ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து பதினாலாம் வசனம்வரை சத்தமாக வாசிக்கச் சொல்லி, நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். அப்பாவுக்குக் கடிதம் அனுப்ப வழி இருக்குமானால் ஐந்தாம் வசனத்தை அவள் கையெழுத்திலேயே எழுதி அனுப்பட்டும். அதற்குக் கீழே, வீட்டில் இந்த வாரம் என்ன சமைத்தீர்கள், அவள் பள்ளியில் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.