மணியின் கார்வையைத் தேடியவர்

கேள்வி: எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட், புகழ் வரத் தொடங்கிய காலத்தில் எட்டு ஆண்டுகள் பெரும்பாலும் மௌனமாக இருந்தது ஏன்?

பதில்: 1968-இல் அரங்கேறிய அவருடைய சேர்ந்திசைப் படைப்பான ‘கிரேதோ’, சோவியத் ஆட்சியின் கீழ் கிறிஸ்துவின் மீதான நம்பிக்கையை வெளிப்படையாகப் பாடியதால் அதிகாரிகளின் சினத்துக்கு ஆளானது. எனினும், தாம் கையாண்டுவந்த, பன்னிரண்டு சுரங்களையும் சம முக்கியத்துவத்துடன் கோக்கும் பன்னிரு சுர முறை அவருக்கே வறண்டுபோனதுதான் ஆழமான காரணம் என்பது என் எண்ணம். 1935-இல் எஸ்தோனியாவின் பைதேயில் பிறந்து, தலைநகர் தாலினில் இசையமைப்பாளர் ஹெய்னோ எல்லரிடம் பயின்று, வானொலியில் ஒலிப்பதிவுப் பணியும் பார்த்த அவர், அந்த ஆண்டுகளில் மாணவரைப் போல உட்கார்ந்து கிறிஸ்தவ வழிபாட்டின் பழைய ஒற்றை மெட்டுப் பாடல்களான கிரகோரியப் பாடல்களைப் படித்தார். 1976-இல் பிறந்த ‘தின்தினாபுலி’ முறையில், ஒரு குரல் சுரவரிசையில் படிப்படியாக நகர, மற்றொன்று மூன்றே சுரங்களை மணிபோல் ஒலித்துக்கொண்டிருக்கும். 1980-இல் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், வியன்னாவிலும் பெர்லினிலும் வாழ்ந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே தாயகம் திரும்பினார். முதலில் எதைக் கேட்பது என்பீர்களானால், ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக 1977-இல் அவர் எழுதிய இசைப்படைப்பைக் கேளுங்கள்: தந்திக் கருவிகள் அனைத்தும் அவரோகணமாக இறங்கி ஓய்ந்த பின்னும், ஒற்றை மணியின் கார்வை மட்டும் காற்றில் நிற்கும்.