அயகுச்சோவுல மேட்ச் ஃபிக்ஸிங்கா?

அண்ணே,
தென் அமெரிக்காவுல பெரு நாட்டோட விடுதலைக்காக நடந்த அயகுச்சோ போர் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். ஒன்பதாயிரம் பேர் இருந்த ஸ்பெயின் படை, ஆறாயிரம்கூட தேறாத படைகிட்ட ஒரே பகல்ல சரண்டர் ஆச்சுங்கிறதை நம்பவே முடியலை. முன்னாடியே பேசி முடிச்சிட்டாங்களோ? இல்ல விடுதலைப் படைத் தலைவர் பொலிவார் அவ்ளோ பெரிய கில்லாடியா?
- ஒரு வாசகர்

தம்பி,

பொலிவார் அன்னைக்கு அங்க இல்லவே இல்ல. கொலம்பியப் படையை நடத்துற அதிகாரத்தை பொகோட்டா காங்கிரஸ், அதாவது கொலம்பியாவோட நாடாளுமன்றம், அவர்கிட்டேருந்து புடுங்கிடுச்சு, அதனால 1824 டிசம்பர் 9 அன்னிக்கு அயகுச்சோ பக்கத்துல கினுவா சமவெளியில நின்னது அவரோட தளபதி சுக்ரே, வயசு 29.

உன் சந்தேகம் ஒண்ணும் புதுசில்ல, ஸ்பெயின்லயே அப்படிப் பேசினாங்க, பெருவுலேருந்து திரும்புன ஆபீசர்களை 'அயகுச்சோக்காரன்'னு நக்கல் பண்ணாங்க. ஆனா ஸ்பெயின் ராஜா தரப்புல மட்டும் கிட்டத்தட்ட 1,800 பேர் செத்திருக்காங்கப்பா, பேசி வெச்ச சண்டையில இவ்ளோ பொணம் விழுமா?

நீ 'ஸ்பெயின் படை'ங்கிற பாரு, அங்கதான் சிக்கலே. அதுல ஸ்பெயின்காரன் கொஞ்சம் பேர்தான், மிச்சமெல்லாம் பெரு மலைநாட்டு ஆளுங்க, பாதிப் பேரைப் புடிச்சு இழுத்துட்டு வந்தது, ராத்திரி ஊருக்குள்ள தங்கவிட்டா காணாமப் போயிடுவானுங்க. அன்னைக்குக் காலையில ராஜா தரப்பு ஜெனரல் மோனெட் இறங்கி வந்து, எங்க பக்கம் இருக்கிறவங்களுக்கு உங்க பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க, சண்டைக்கு முன்னாடி பாத்துக்கட்டுமேன்னு கேக்க, சுக்ரேயோட ஜெனரல் கோர்டோவா சரின்னுட்டாரு. நடுவுல வந்து கட்டிப்புடிச்சு அழுதாங்க, தூர் குடும்பத்து அண்ணன் தம்பியே எதிரெதிரா இருந்திருக்காங்க. அப்புறம் அவங்கவங்க வரிசைக்குத் திரும்பிப் போய் சுட்டுக்கிட்டாங்க.

சண்டைன்னு பாத்தா, கொந்தோர்குன்கா மலைச்சரிவுலேருந்து ராஜா படை இறங்குறப்ப ரூபின் தே செலிஸோட ஆளுங்க அவசரப்பட்டு முன்னாடி பாஞ்சு மாட்டிக்கிட்டாங்க, பின்னாடி வர்ற படை அணிவகுக்குறதுக்குள்ள 25 வயசு கோர்டோவா உள்ள பூந்துட்டாரு. ராஜா பேர்ல பெருவை ஆண்ட வைஸ்ராய் லா செர்னா காயத்தோட கைதி. அவருக்கு அடுத்த ஜெனரல் கான்தெராக் சரண்டர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாரு, அவ்ளோதான்.

என்னைக் கேட்டா ராஜா படை அந்த வருஷ ஆரம்பத்துலயே தோத்தாச்சு. ஸ்பெயின்ல மன்னர் திரும்ப முழு அதிகாரத்துக்கு வந்ததும், மேல் பெருவுல (இன்னைக்கு பொலிவியா) இருந்த ராஜா தரப்பு ஜெனரல் ஒலன்யேத்தா 'வைஸ்ராய் ராஜாவோட முழு அதிகாரத்தை ஏத்துக்காத லிபரல், அவன் பேச்சைக் கேக்கமாட்டேன்'னு பிச்சுக்கிட்டான், அவனை அடக்க வைஸ்ராய் ஜெனரல் வால்தேஸ் தலைமையில நல்ல படையா அனுப்பி மாசக்கணக்கா சொந்தத் தரப்போடயே சண்டை. அந்த கேப்லதான் ஆகஸ்ட்ல ஹூனின் சண்டையில பொலிவார் ஜெயிச்சாரு.

சரண்டர் கண்டிஷன் தாராளமா இருந்துச்சு, ஊருக்குப் போற கப்பல் செலவுகூட பெருவோடது, வதந்தி கிளம்புனதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா லிமா பக்கத்து துறைமுகமான கய்யாவோ கோட்டையில ராஜா தரப்பு தளபதி ரோதில் அந்த ஒப்பந்தத்தை ஏத்துக்கலை, 1826 ஜனவரி வரைக்கும் விடாம நின்னாரு, உள்ள ஜனங்க பசியிலயும் நோயிலயும் ஆயிரக்கணக்குல செத்தாங்க.