புக்கெட்டிலிருந்து ஃபி ஃபி தீவுகளுக்கு ஸ்பீட்போட்டில் குழுவாக ஒரு நாள் போய் வரலாமா?

மே மாதக் கடைசியில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறோம், கூடவே ஏழு வயது மகளும் அறுபத்தைந்து தாண்டிய அப்பா அம்மாவும் வருகிறார்கள், 'ஆறு தீவு, ஒரே நாள், சாப்பாட்டோடு' என்று விற்கிற ஸ்பீட்போட் பயணத்தில் எல்லாரும் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடல் ஒத்துழைத்தால் நீங்களும் மனைவியும் மகளும் தாராளமாகப் போகலாம். அப்பா அம்மாவை அந்தப் படகில் ஏற்ற வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 'ஆறு தீவு'. பட்டியலை எடுத்துப் பாருங்கள். மாயா விரிகுடா, பிலே லகூன், லோ சமா, வைக்கிங் குகை என்று இருக்கும். இந்த நான்குமே ஃபி ஃபி லே என்ற ஒரே தீவின் நான்கு பக்கங்கள். ஆள் குடியில்லாத சின்னத் தீவு அது. அடுத்து மங்கி பீச், மதியச் சாப்பாட்டுக்கு இறக்கிவிடுகிற டோன் சாய். இரண்டும் ஃபி ஃபி டோன் தீவில் இருப்பவை. கடைசியில் மூங்கில் தீவோ காய் தீவோ ஒன்றைச் சேர்ப்பார்கள். ஆக மொத்தம் பார்ப்பது மூன்று தீவு. வைக்கிங் குகையில் இறங்கவும் விடமாட்டார்கள். உழவாரக் குருவிகள் எச்சிலால் கட்டும் கூட்டை அங்கே எடுத்து விற்கிறார்கள், அந்த உரிமை எடுத்தவர்களுக்கு மட்டும்தான் உள்ளே வேலை. படகை இரண்டு நிமிடம் நிறுத்தி மூங்கில் சாரத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அதனால் எத்தனை இடம் என்று பார்த்து எடுக்காதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். உங்கள் ஹோட்டல் பெரும்பாலும் மேற்குக் கரையில், படோங் அல்லது கட்டா பக்கம் இருக்கும். படகுத் துறைகளோ கிழக்குக் கரையில். வழியில் மற்ற ஹோட்டல்களிலும் ஆள் ஏற்றிக்கொண்டு வேன் துறைக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும். அங்கே பேர் எழுதி, கைப்பட்டை கட்டி, குமட்டல் மாத்திரை கொடுத்து, செருப்பை எல்லாம் கழற்றிக் கூடையில் போடச் சொல்வார்கள். அதற்குப் பிறகு 45 கிலோமீட்டர் போலக் கடல், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். திரும்பும்போதும் இதே கதை. நிறுத்தங்கள் கூடக் கூட ஒவ்வொன்றிலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்கிற கைடின் குரல்தான் மிஞ்சும்.

இப்போது அப்பா அம்மா விஷயம். ஸ்பீட்போட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை, அலைக்கு அலை எகிறி விழுகிறது. எடை முழுவதும் பின்னால் இன்ஜின் பக்கம் இருப்பதால் முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். காற்று இல்லாத பிப்ரவரியில் அது ஒரு விளையாட்டு மாதிரி இருக்கும். அலை கொஞ்சம் எழுந்துவிட்டால் ஒவ்வோர் அடியும் நேரே இடுப்பெலும்பில் இறங்கும். முதுகெலும்பில் முறிவோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. கர்ப்பிணிகளையும் முதுகுவலிக்காரர்களையும் ஏற்றுவதில்லை என்று நிறுவனங்களே எழுதி வைத்திருப்பது இதனால்தான். ஆனால் டிக்கெட் விற்கிற ஆள் அதை வாயால் சொல்லமாட்டார். எங்கள் குடும்பக் கூட்டத்தோடு போனபோது, போட்டோ நன்றாக வரும் என்று என் சித்தப்பா முன்பக்கத்து மெத்தையில் போய் உட்கார்ந்துகொண்டார். "பின்னால வாங்க சித்தப்பா" என்று கத்தினேன், இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் இடுப்பில் பெல்ட்டோடுதான் நடந்தார். நீங்கள் போனாலும் பின்பக்க இருக்கைக்காக முதலில் ஏறுங்கள். முன்பக்கம் இளைஞர் கூட்டத்துக்கு.

அப்பா அம்மாவுக்கு நான் சொல்வது ஃபெர்ரி. புக்கெட்டின் ரசடா துறையிலிருந்து ஃபி ஃபி டோனுக்கு இரண்டு மணி நேரம். பெரிய கப்பல், நிழல் உண்டு, கழிப்பறை உண்டு, எழுந்து நடக்கலாம். ஸ்பீட்போட் பலவற்றில் கழிப்பறை கிடையாது, வயதானவர்களுக்கு அதுவே பெரிய அவஸ்தை. முடிந்தால் எல்லாரும் ஃபெர்ரியில் போய் ஓர் இரவு ஃபி ஃபி டோனிலேயே தங்குங்கள். கார் ஓடாத ஊர், சாமான்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து தருவார்கள். மறுநாள் விடிந்ததும் டோன் சாயில் ஒரு லாங்டெயில் படகு (நீளத் தண்டு மோட்டார் வைத்த மரப் படகு) பேசிக்கொண்டால், புக்கெட் படகுகள் வந்து சேர்வதற்குள் மாயாவையும் பிலேயையும் பார்த்துவிடலாம். செலவு ஒன்றும் பயங்கரமாக ஏறிவிடாது. என்னைக் கேட்டால் ஃபி ஃபியைப் பார்க்க இதுதான் சரியான முறை. ஒரு நாள் பயணம் என்பது நேரமில்லாதவர்களுக்கான ஏற்பாடு.

தங்க முடியாது என்றால் அவர்களை பங் நா விரிகுடாவுக்கு அழைத்துப் போங்கள். நிலம் சூழ்ந்த ஆழமில்லாத கடல், அலை மிகக் குறைவு. ஜேம்ஸ் பாண்ட் தீவு, நீரில் கால் ஊன்றி நிற்கும் கோ பன்யி என்ற முஸ்லிம் மீனவக் கிராமம், சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். பெரிய படகில் சாவகாசமாகப் போகலாம்.

மாயா விரிகுடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடக்கிற பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய. லியனார்டோ டிகாப்ரியோ நடித்த படம் ஒன்றை 1999இல் அங்கே எடுத்தார்கள். அது வந்த பிறகு கூட்டம் ஏறி ஏறி, ஒரு நாளைக்கு ஐந்தாறாயிரம் பேர் வரை அந்தச் சின்ன மணல்திட்டில் இறங்கினார்கள். படகுகள் நேராகக் கரையில் முட்டி நின்றன, நங்கூரம் பட்டுப் பவளம் நொறுங்கியது. 2018 ஜூனில் நான்கு மாதத்துக்கு என்று மூடினார்கள். மூடியது மூடியதுதான், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பவளத்தை நட்டு வளர்த்தார்கள், கறுப்பு முனைத் துடுப்புள்ள சின்னச் சுறாக்கள் கரையோரத்துக்கே திரும்பி வந்தன.

இப்போது படகு எதுவும் விரிகுடாவுக்குள் போகக் கூடாது. பின்பக்கம் லோ சமாவில் மிதக்கும் துறையில் இறக்கிவிடுவார்கள், பலகைப் பாதையில் நடந்து கடற்கரைக்கு வர வேண்டும். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு, திறந்தபோது 375 பேர், ஒரு மணி நேரம் என்று வைத்தார்கள். நீச்சல் கிடையாது. முழங்கால் தண்ணீர் வரை நிற்கலாம், அதைத் தாண்டினால் காவலர் விசில் அடிப்பார். குளிக்கலாம் என்று நீச்சலுடையோடு வந்தவர்களின் முகம் தொங்கிப்போகும். எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது. உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீரில் இறங்கி ஆடுவதற்குப் பிலே லகூன் இருக்கிறது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். வற்றம் மிகுந்த நேரத்தில் அதற்குள் ஸ்பீட்போட் நுழைய முடியாது. எல்லா நிறுவனங்களும் ஒரே வரிசையில் போகாமல் நாளுக்கு நாள் மாற்றுவதற்குக் காரணம் இந்த ஏற்றவற்றம்தான்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மாயாவை மறுபடி மூடிவிடுகிறார்கள். நீங்கள் மேயில் போவதால் அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் சிக்கல் காற்று. அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில்தான் தொடங்கும், அக்டோபர் வரை நீடிக்கும். நம் பள்ளி விடுமுறையும் அந்த நேரத்தில் வந்து விழுகிறது, என்ன செய்ய! தினமும் கடல் பொங்கும் என்றில்லை, கண்ணாடி போன்ற நாட்களும் நடுவே வரும். ஆகவே ஊரிலிருந்தே பணம் கட்டிவிடாமல், புக்கெட்டில் இறங்கிய பிறகு வானிலை பார்த்து அடுத்த நாளைக்குப் பதிவு செய்யுங்கள். காற்றால் ரத்தானால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். துறையில் "இன்று வேண்டாம்" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தும் கிளம்பிய படகு அது.

தேதியை மாற்ற முடியாமல், கடல் பயணம் கட்டாயம் வேண்டும் என்றால், அந்தப் பருவத்தில் தாய்லாந்தின் மறுகரை, கோ சமுய் பக்கம், சாந்தமாக இருக்கும். அங்கிருந்து நாற்பதுக்கு மேல் தீவுகள் கொண்ட ஆங் தோங் தேசியப் பூங்காவுக்கு இதே மாதிரி ஒரு நாள் ஸ்பீட்போட் பயணம் உண்டு.

தனிப் படகு? மூன்று பேருக்கு அது வீண் செலவு. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்தால் யோசிக்கலாம். குழுவில் போவதென்றால் அதிகாலையில் கிளம்புகிற பயணத்தையே எடுங்கள், மற்றதில் நீங்கள் பார்ப்பது மனிதத் தலைகளை.

சின்னச் சின்ன விஷயங்கள். வெளிநாட்டவருக்குத் தேசியப் பூங்காக் கட்டணம் பெரியவர்களுக்கு 400 பாத், குழந்தைக்கு 200. டிக்கெட் விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள், பல மலிவு டிக்கெட்டுகளில் சேர்ந்திருக்காது, படகில் வைத்து வசூலிப்பார்கள். பவளத்துக்குக் கேடான ஆக்ஸிபென்சோன் போன்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனைப் பூங்காக்களில் 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள், அபராதம் ஒரு லட்சம் பாத் வரை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லையே இல்லை. மீனுக்கு ரொட்டி போடுவதும் குற்றம். மங்கி பீச்சில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டாதீர்கள், கடித்தால் அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்கு ஓட வேண்டியிருக்கும்.

சைவமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லி, அன்று காலை கைடிடம் மறுபடி சொல்லுங்கள். காய்கறி வதக்கலிலும் மீன் சாஸ் ஊற்றுவது அங்கே சாதாரணம். நாங்கள் எப்போதும் பையில் கொஞ்சம் புளியோதரைப் பொடியும் கடலையும் வைத்துக்கொள்வோம், வெறும் சோறு எங்கும் கிடைக்கும்.

மகளுக்குக் குழந்தைகள் அளவு லைஃப் ஜாக்கெட்டும் நீருக்குள் பார்க்க மாட்டும் கண்ணாடியும் இருக்கின்றனவா என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். துறையில் போய்க் கேட்டால் பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டித் தருவார்கள். அது தண்ணீரில் காதுக்கு மேலே ஏறி நிற்கும். அப்படித் தந்தால் வாங்காதீர்கள், சரியான அளவு வரும் வரை படகில் ஏறாமல் நில்லுங்கள்.