சட்டத்தரணிக்குக் கொடுக்க இன்னொரு கடனா?

கேள்வி: கிளிநொச்சி தர்மபுரத்தில் இருக்கிறோம் ஐயா. மூன்று நுண்கடன் கொம்பனிகளுக்குக் கிழமைக்கு 2,600, 1,900, 3,500 ரூபாய் கட்டவேணும். கடைசிக் கடன் தம்பியின் ஓட்டோ முற்பணத்துக்கு என் பெயரில் எடுத்தது. நாலு மாதமாக அவன் ஒன்றும் தரவில்லை. எனக்கும் கணவருக்குமாக மாதம் 62,000 வரும், வீட்டுச் செலவு 40,000. வங்குரோத்துக்குப் போட்டால் கடன் போய்விடும் என்று கனடா மச்சாள் சொல்கிறா. நல்ல சட்டத்தரணி ஒருவரைச் சொல்லுங்கள். இன்னொரு கொம்பனி இரண்டு லட்சம் தர நிற்கிறது, அதில் அவருக்குக் கட்டலாம்.

பதில்: அந்த இரண்டு லட்சத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

மச்சாள் சொல்வது கனடாக் கதை. அங்கேயும் அதைச் செய்வது சட்டத்தரணி அல்ல, உரிமம் பெற்ற பொறுப்பாளர். இலங்கையில் எங்களிடம் இருப்பது 1853ஆம் ஆண்டு வங்குரோத்துக் கட்டளைச் சட்டம். மாவட்ட நீதிமன்றம், சொத்து விபரம், வருடக்கணக்கில் அலைச்சல். கிழமைக் கடனுக்கு அது தோதுப்படாது.

கணக்கைப் பாருங்கள். கிழமைக்கு 8,000 என்றால் மாதம் 34,700 அளவில் வரும். கையில் மிஞ்சுவது 22,000. துண்டு விழுவது 12,700. இப்படியே போனால் ஒரு கடனைக் கட்ட இன்னொன்று எடுக்க வேண்டிவரும். புதிய கடனுக்கும் லட்சத்துக்கு 2,600 என்ற கணக்கில் கிழமைக்கு 5,200 என்று வையுங்கள், மாதம் 57,000 தவணைக்கே போய்விடும். பிறகு எதைச் சமைப்பது? 'எல்லாக் கடனையும் ஒரே கடனாக்கித் தருகிறோம்' என்று இப்போது எல்லோரும் விற்கிறார்கள். பழைய கடன் மூன்றும் மூடப்பட்டதற்குக் கடிதம் தருவார்களா என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

வட்டியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சத்துக்கு 52 கிழமை 2,600 கட்டினால் 1,35,200. வட்டி 35 வீதம் என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைகிறதே, உண்மையில் அது 60ஐத் தாண்டும்.

இப்போது தம்பி. அவருடைய 3,500 மாதத்துக்கு 15,000க்கு மேல். உங்கள் துண்டு 12,700. விளங்குகிறதா? அவர் தன் கடனைத் தானே கட்டினால் உங்கள் குடும்பம் தப்பும். 'அடுத்த மாதம் தாறன்' என்ற பேச்சு வேண்டாம். நாளுக்கு 500, ஓட்டோ ஓடிய அன்றே கையில். முடியாவிட்டால் ஓட்டோவை விற்கட்டும். அம்மா குறுக்கே வருவா, வரட்டும்.

சட்டத்தரணி தேவைதான், ஆனால் காசு கொடுத்து அல்ல. சட்ட உதவி ஆணைக்குழு குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாகப் பார்க்கும்; கிளிநொச்சி நீதிமன்றத்தில் விசாரியுங்கள். கடன் ஒப்பந்தம், தவணைப் புத்தகம் எல்லாம் கொண்டுபோங்கள். மற்ற இரண்டு கொம்பனிகளுக்கும் தவணையைக் குறைத்துத் தரச்சொல்லிப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், பிரதியை வைத்திருங்கள். இரு தரப்பையும் இருத்தி இணக்கம் பேசும் மத்தியஸ்த சபையிலிருந்து கடிதம் வந்தால் போகாமல் விடாதீர்கள்.

தவணை தவறியது சிவில் விடயம், பொலிஸ் என்று வெருட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால் யாருக்காவது காசோலை எழுதிக் கொடுத்தீர்களா? கணக்கில் காசில்லாமல் அது திரும்பினால் குற்ற வழக்கு வரலாம். இதை முதல் நாளே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.