கேளுங்கள், எழுதுங்கள்: தோள்சீலையும் இரண்டு பக்க வசனமும்

கேள்வி: மார்பின் மேல் சீலை போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடத்திய தென்திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டத்தை வைத்து நாவல் எழுதி வருகிறேன். கதாநாயகி அரசு அதிகாரியின் முன் நின்று சமத்துவம் பற்றி இரண்டு பக்கம் பேசுகிறாள். படித்த தோழிகள் எல்லோரும் ‘நாடக வசனம்’ என்கிறார்கள். எங்கே கோளாறு?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அவள் எங்கே நிற்கிறாள் என்று முதலில் பாருங்கள், அம்மா. நாடார் ஒருவர் நம்பூதிரியிடமிருந்து 36 எட்டும் நாயரிடமிருந்து 12 எட்டும் விலகி நிற்க வேண்டும் என்பது அன்றைய கட்டு. பன்னிரண்டு எட்டு தள்ளி நின்று இரண்டு பக்கம் பேசத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க அந்த அதிகாரி என்ன பட்டிமன்ற நடுவரா?

வசனத்தை வெட்டிவிட்டு அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்புங்கள். நாடார் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக் கூடாது என்று ஒரு தடை இருந்தது. குடை, செருப்பு, பொன் நகை என்று அந்தப் பட்டியல் நீளும். ஒருநாள் காலையில் அவள் குடத்தை இடுப்பில் வைக்கட்டும். கிணற்றடியிலிருந்து வீடு வரை தினமும் நடக்கிற அதே வழிதான். யார் யார் திண்ணையில் இருக்கிறார்கள், எந்த வீட்டைக் கடக்கும்போது தண்ணீர் தளும்புகிறது, வீட்டுக்கு வந்ததும் மாமியார் என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று எழுதுங்கள். ஒரு அத்தியாயம் தானாக வரும்.

அந்த மாமியாரைக் கோழையாக்கிவிடாதீர்கள். பனை ஏறும் ஏணிக்குக்கூட வரி கட்டிய குடும்பம் அது. கூலியில்லாத ஊழியத்துக்கு ஆள் எப்போது வந்து கூப்பிடுவான் என்று தெரியாது. அவளுடைய கணக்கு வேறு: அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சி எடுத்த கருப்பட்டியை நாளை சந்தையில் யாராவது வாங்குவார்களா? மருமகளின் துணிச்சலுக்கு என்ன விலை என்று வாசகருக்குச் சொல்லப்போகிறவள் அந்தக் கிழவிதான்.

கேள்வி: முலைவரி (ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களிடம் வாங்கிய வரி) கேட்டு வந்தவர்களிடம் தன் மார்பை அறுத்து வைத்த நங்கேலியையும் இந்தக் காலத்து நாவலில் பாத்திரமாக்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நங்கேலி கேரளத்துச் சேர்த்தலைக்காரர்களின் நினைவில் வாழ்பவள். முலைச்சிப்பறம்பு என்று அங்கே இடப்பெயரே உண்டு. ஆனால் அக்கால ஆவணங்களில் அவளைக் காணோம். ஆகவே உங்கள் பாத்திரங்கள் இரவில் சொல்லிக்கொள்ளும் கதையாக வரட்டும். நேரில் கொண்டுவந்தால் எனக்கு ஒரு பயம் உண்டு. அந்த இரத்தத்தைப் பார்த்த வாசகர் கண்ணுக்கு, சந்தையில் குப்பாயம் (ரவிக்கை போன்ற மேல்சட்டை) கிழிக்கப்பட்டு நின்றவள் சிறியவளாகத் தெரிவாள். அடுத்த வாரமும் அதே சந்தைக்குப் போக வேண்டியவள் அவள்.

கேள்வி: மிஷனரிகளை நாயகர்களாகக் காட்டலாமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: நாயகர்களாகவும் வேண்டாம், சூழ்ச்சிக்காரர்களாகவும் வேண்டாம். ஆங்கிலேயரான கர்னல் மன்றோ திருவிதாங்கூரின் திவானாக (முதலமைச்சராக) இருந்தபோது கிறிஸ்தவப் பெண்களுக்குக் கிடைத்த அனுமதி குப்பாயத்துக்குத்தான். உயர்சாதிப் பெண்களைப் போல மேலே சீலை போட அல்ல. பெண்கள் அந்த எல்லையைத் தாண்டினார்கள்; 1829இல் அரசு தோள்சீலையை வெளிப்படையாகத் தடை செய்தது. மிஷன் வளாகத்துக்குள்ளேயே ‘குப்பாயம் போதாதா?’ என்று ஒரு பாதிரியார் கேட்கும் காட்சியை எழுதிப் பாருங்கள்.

உங்கள் ஊர் ரேந்தையை, அதாவது லேஸ் பின்னும் வேலையை, மறந்துவிடாதீர்கள். நாகர்கோவில் மிஷனின் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த வேலை அது. அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். என் பெரியம்மா ரேந்தை பின்னுவார். தலையணையில் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை இரு கையாலும் மாற்றி மாற்றிப் போடுவார். ஊர்க்கதை எல்லாம் பேசுவார். கண் மட்டும் தலையணையை விட்டு அகலாது. தன் விலையைத் தானே பின்னுகிற ஒரு பெண்ணை அந்த இடத்தில் உட்கார வையுங்கள்.

மதம் மாறாமல் எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டித் தலைநிமிர வேண்டும் என்ற அய்யா வைகுண்டரைச் சுவாதித் திருநாள் மன்னரின் அரசு திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. அவரை விட்டுவிட்டு எழுதினால் அவருடைய ஊரான சாமித்தோப்புப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: 1859 அரசாணையோடு, வெற்றியோடு நாவலை முடிக்கலாம் அல்லவா?
– மறுபடியும் மார்த்தாண்டம் வாசகி

பதில்: 1859 ஜூலை 26 ஆணையை வரிவரியாகப் படியுங்கள். கோட்டாறுப் பக்கம் கலவரம் நடந்து, சென்னை ஆளுநர் ட்ரெவெலியன் நெருக்கிய பிறகு உத்திராடம் திருநாள் மன்னரின் அரசு வெளியிட்டது அது. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம். அல்லது மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. உடம்பை மூடிக்கொள்ளலாம், சாதியை மூடக் கூடாது என்கிறது அரசு. பறை கொட்டி இதை அறிவிப்பதைக் கேட்டுவிட்டு உங்கள் கதாநாயகி எந்தத் துணியை எடுக்கிறாள்? கடைசி அத்தியாயம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும். எழுதியதும் அனுப்புங்கள், எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், என் கண்ணாடியின் நம்பர் ஏறிவிட்டது.